காபி மட்டும்

ரூலி வீர்செமாவுக்கு அந்த அக்டோபரில் கொடுக்கப்பட்ட வேலை காபி குடிப்பது. கிண்டல் இல்லை. வேலை செய்து செய்து உள்ளுக்குள் கருகிப்போய், மாதக்கணக்கில் வீட்டில் கிடந்து எழுந்தவரை எங்கள் நாட்டில் முதல் நாளே நுகத்தடியில் பூட்டிவிட மாட்டார்கள். முதலில் வந்து, கூட வேலை பார்க்கிறவர்களோடு உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போக வேண்டும். அடுத்த வாரமும் அதேதான். அது ஒத்துக்கொண்டால் சின்னதாக ஒரு வேலை, அப்புறம் இன்னொன்று. பெரிய ஆபீஸ்களிலும் இதுதான் நடைமுறை, ஆஸ்பத்திரிகளிலும் இதுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வருஷக்கணக்கில் கட்டி மேய்த்த ஆசிரியைக்கும் இதுதான்.

"செவ்வாய்க்கிழமை காலை இடைவேளை. ஆசிரியர் அறை. காபி மட்டும்," என்றார் பள்ளி நிர்வாகம் அமர்த்தியிருந்த டாக்டர் போல்மன். "வகுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காதீங்க. இது தாங்குச்சுன்னா கொஞ்சம் கொஞ்சமா உங்க வகுப்பை உங்ககிட்டயே குடுத்துடலாம். இதுலயே திரும்ப விழுந்தீங்கன்னா, இந்த வேலை இனிமே உங்களுக்கு ஆகாதுன்னுதான் நான் எழுத வேண்டியிருக்கும்."

"காபி குடிக்கிறதுல யாராவது விழுவாங்களா டாக்டர்?"

"விழுந்திருக்காங்க," என்றார் அவர், சிரிக்காமல்.

ரூலிக்கு அந்த வகுப்பு வேண்டும். வேறு எதுவும் அவளுக்குத் தெரியாது, வேறு எதுவும் அவள் ஆசைப்பட்டதும் இல்லை. எட்டு வயதுப் பிள்ளைகள் வாய்ப்பாடு பாடம் பண்ணும் சத்தம் கேட்காத வாழ்க்கையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. காபிதானே, குடித்துவிட்டால் போகிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு சைக்கிள் மிதித்தாள்.

அவள் பிறந்தது, கல்யாணம் செய்துகொண்டது, வேலை பார்த்தது எல்லாம் கடல் கரையணையை ஒட்டிய ஒரே களிமண் பூமியில்தான். எங்கள் க்ரோனிங்கன் மாகாணத்து ஜனங்கள் அதிகம் பேச மாட்டார்கள். பேசினால் பட்டென்று போட்டு உடைப்பார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனால் 'இது உனக்கு எடுக்கலை' என்பார்கள். ஒரு உதவிக்குக் கூப்பிட்டால் 'வர முடியாது' என்பார்கள். ஏன் என்று சொல்ல மெனக்கெடவும் மாட்டார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் 'முடியாது' என்ற ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராமல் ஒருத்தி பிறந்தாள் என்றால், அதை என்னவென்று சொல்ல.

பக்கத்து வகுப்பு ஆசிரியருக்குக் காய்ச்சலா, ரூலி பார்த்துக்கொள்வாள். நாடகத்துக்கு ஆட்டுக்குட்டி வேஷம் தைக்க வேண்டுமா, ரூலி. பிள்ளைகள் தலையில் பேன் ஏறிவிட்டதா, சீப்போடு ரூலி. இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் அவள் அந்தப் பள்ளியில் குடித்த காபி எல்லாமே ஆறிப்போன காபி. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வாள்.

தலைமை ஆசிரியர் மென்னோ அவளிடமே படித்தவன். ஏழெட்டு ஐம்பத்தாறு மனசில் நிற்காமல், அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்தி அழுதவன். இப்போது நெடுநெடுவென்று வளர்ந்து நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு அவளுக்கே மேலதிகாரி. கூட்டங்களில் எல்லோரையும் போல 'ரூலி' என்றுதான் கூப்பிடுவான். காரியம் ஆக வேண்டியிருந்தால் மட்டும் அவன் வாயில் 'டீச்சர்' வந்துவிடும். அந்தச் சொல் காதில் விழுந்ததுமே ரூலி எழுந்து நின்றுவிடுவாள். எதற்கென்று அப்புறம்தான் தெரியும்.

மென்னோ கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆள் கிடைக்கவில்லை. விளம்பரம் போட்டால் ஒருவரும் விண்ணப்பிப்பதில்லை. வந்தவர்களும் ஒரு வருஷம் இருந்துவிட்டு நகரத்துக்கு ஓடிவிடுகிறார்கள். ரூலியின் காபிக்கு முந்தின வருஷம், நவம்பரில், எல்லா ஆசிரியர்களும் துவண்டுபோயிருப்பதைப் பார்த்து நிர்வாகம் ஒரு மருந்து கண்டுபிடித்தது. 'உங்களை நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு பயிற்சி. பள்ளி விட்ட பிறகு, சாயங்காலம் முழுக்க, எல்லோரும் கட்டாயம் வர வேண்டும். திருத்த வேண்டியதையெல்லாம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், அது வேறு.

வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அம்மா ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரே ஒரு உலர்ந்த திராட்சையை வைத்தார். அதைப் பார்க்க வேண்டும், முகர வேண்டும், விரலால் தடவிப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் நாக்கில் வைத்து மெல்ல மெல்ல. அவர் சொல்லி முடிப்பதற்குள் ரூலி விழுங்கிவிட்டாள். மணி அடிப்பதற்குள் தின்று பழகிய வாய்.

"அடடா, நீங்க இன்னும் முகர்ந்தே பாக்கலையே," என்றார் அந்த அம்மா.

"இன்னொண்ணு குடுங்க, முகர்றேன்," என்றாள் ரூலி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த யான்டீன் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாள். யான்டீன் அடுத்த வகுப்பு ஆசிரியை. இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு சுவர்தான், இரண்டு பேருக்கும் நடுவில் அதுகூட இல்லை.

கூரை ஒழுகுகிற வீட்டில் குடியிருக்கிறவனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது மாதிரி இருந்தது அந்தப் பயிற்சி. நீச்சல் நல்லதுதான், யார் இல்லை என்றது. ஆனால் கூரைக்கு ஒரு ஓடு வாங்கிப் போட யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த மாதமே ரூலி விழுந்தாள். டிசம்பர் ஐந்து சின்டர்கிளாஸ் பண்டிகை. பரிசோடு சேர்த்து, வாங்குகிறவரைக் கொஞ்சம் சீண்டியும் கொஞ்சம் கொஞ்சியும் ஒரு பாட்டு எழுதி வைக்காவிட்டால் அது சின்டர்கிளாஸே இல்லை. மற்ற ஆசிரியர்கள் வகுப்புக்கு ஒரு பாட்டு எழுதுவார்கள். ரூலி பிள்ளைக்கு ஒரு பாட்டு எழுதுவாள். பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறை மேஜையில் அட்டைகளைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் அட்டையில் ஒரு பெயரை எழுதினாள். அந்தப் பெயருக்கு முகம் வரவில்லை. அடுத்த பெயரை எழுதினாள். அதற்கும் வரவில்லை.

அவள் கணவன் ஹார்ம் சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு லாரி ஓட்டுகிறவன். வண்டியை நிறுத்திவிட்டுச் சேற்றுப் பூட்சோடு உள்ளே வந்தவன், அவள் வெறும் அட்டைகளையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான்.

"என்ன, பாட்டு வரலையா?"

"பாட்டு இல்ல ஹார்ம். பிள்ளைங்க வரலை."

மறுநாள் காலையில் பள்ளி சைக்கிள் கொட்டகை வரை போனாள். அதற்கு மேல் கால் நகரவில்லை. யான்டீன்தான் வந்து கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

நிர்வாகம் ஒரு பழக்கூடை அனுப்பியது. பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினார்கள்: சீக்கிரம் வாங்க டீச்சர், இது எங்களுக்கு நாலாவது புது டீச்சர். ரூலி அதைப் படித்துவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டாள். கரண்டி தட்டில் படுகிற சத்தம்கூட அப்போது அவளுக்குத் தாங்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சுடுதண்ணீரில் நன்றாக ஊறிக் குளி, மெழுகுவத்தி ஏற்றி வை, வாசனை எண்ணெய் ஊற்று என்றார்கள். குளித்தாள். சுத்தமானாள், அவ்வளவுதான்.

அவளைக் கவனித்த உளவியல் ஆலோசகர் சின்னப் பெண். குளியலைப் பற்றி அவள் பேசவே இல்லை.

"உங்ககிட்ட யாராவது ஏதாவது கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டாள்.

"சரின்னு சொல்லுவேன்."

"அவங்க கேட்டு முடிக்கிறதுக்கு முன்னாடியேவா?"

ரூலிக்குப் பல மாதங்களுக்குப் பிறகு சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள். அந்தப் பெண் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பினாள். தினமும் புருஷன் ஏதாவது கேட்க வேண்டும், இவள் மாட்டேன் என்று சொல்ல வேண்டும். காரணம் சொல்லக் கூடாது, மன்னிப்பும் கேட்கக் கூடாது.

ஹார்ம் இதை லாரி ஓட்டுவதைவிடச் சிரத்தையாகச் செய்தான்.

"ரூலி, என் பூட்சுக்குப் பாலிஷ் போட்டுத் தர்றியா?"

"எங்க இருக்கு பூட்சு?"

"தப்பு. மறுபடியும் முதல்லேர்ந்து. பூட்சுக்குப் பாலிஷ் போட்டுத் தர்றியா?"

"மாட்டேன்... கோவிச்சுக்காத."

"அந்த வாலை வெட்டு. லாரியைக் கழுவித் தர்றியா?"

"மாட்டேன்."

"எங்கம்மாவை ஒரு மாசம் நம்ம வீட்டுல வெச்சுக்கிறியா?"

"மாட்டேன்."

"இதுல மட்டும் பாரு, என்ன வேகம்."

இப்படியே வசந்தமும் கோடையும் போயின. ரூலி உட்கார்ந்து சாப்பிடப் பழகினாள். போன் அடித்தால் அடிக்கட்டும் என்று விடப் பழகினாள். கரையணை மேல் காற்றுக்கு எதிராக நடந்துபோய், போன வேலை ஒன்றும் இல்லாமல் திரும்பி வருவாள். ஒரு நாள் ரொட்டிக் கடையில் எதிர்ப்பட்ட பிள்ளை ஒன்றின் பெயர் தானாக நாக்கில் வந்தது. அன்றைக்கு அவள் பட்ட சந்தோஷம் ஹார்முக்குத்தான் தெரியும்.

அப்புறம்தான் அந்தக் காபி. முதல் செவ்வாய்க்கிழமை கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விளையாட்டு மைதானத்துச் சத்தம் ஜன்னல் வழியாக வந்து நெஞ்சில் இடித்தது. யான்டீன் பிஸ்கட் டப்பாவை நீட்டி, ஒன்று எடுத்துக்கொண்டதும் மூடியை மூடினாள். வியாதிக்காரி என்று இரண்டாவது கொடுக்கிற வழக்கமெல்லாம் எங்களிடம் கிடையாது. அது ரூலிக்கு ஆறுதலாக இருந்தது. போகப் போக ஒரு கை போதும் என்றானது. ஒரு விஷயம் அவளுக்கே வேடிக்கையாகப் பட்டது: அத்தனை வருஷம் வேலை பார்த்த பள்ளியில் இப்போதுதான் முதல் தடவையாகச் சூடான காபி குடிக்கிறாள்.

நவம்பர் கடைசியில் ஊரெல்லாம் சளிக் காய்ச்சல். அந்தச் செவ்வாய்க்கிழமை யாருக்கோ பிறந்தநாள், கேக் வந்திருந்தது. மென்னோ உள்ளே வந்தான். மூன்றாம் வகுப்புக்கு வரவேண்டிய மாற்று ஆசிரியை வரவில்லை. அப்படி வராவிட்டால் வகுப்பைப் பிரித்துவிடுவார்கள். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேறு வேறு வகுப்புகளில் போய் ஓரமாக உட்கார வேண்டும். யான்டீன் வகுப்பில் ஏற்கெனவே நடக்க இடம் இல்லை.

"டீச்சர்," என்றான் மென்னோ.

யான்டீன் கேக் தட்டைக் கீழே வைத்தாள். "மென்னோ, வேணாம்."

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே."

"டீச்சர்னு ஆரம்பிச்சியே, அதுலயே தெரியுது. டாக்டர் என்ன சொல்லியிருக்கார்? காபி மட்டும்."

"காபி மட்டும்தான் நானும் சொல்றேன். பாடம் நடத்த வேணாம் டீச்சர். பிள்ளைங்க படம் வரையட்டும், நீங்க சும்மா உக்காருங்க. இந்தக் காபியையே அங்க எடுத்துட்டுப் போய்க் குடிங்க. எங்க குடிச்சா என்ன?"

எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. ஒப்புக்கொண்டதை மீறவே மாட்டோம். ஒப்புக்கொண்ட வார்த்தைக்குள்ளேயே புகுந்து வெளியே வர ஒரு சந்து மட்டும் தேடுவோம். கோப்பை கையில் இருக்கிறவரை அது காபி நேரம்தானாம்.

வீட்டில் அத்தனை தடவை சொல்லிப் பழகிய வார்த்தை ரூலியின் தொண்டை வரைக்கும் வந்தது. அப்போது மென்னோவின் இடது கண் இமை துடிப்பதைப் பார்த்துவிட்டாள். தானாகத் துடித்தது, நிற்கவில்லை. போன வருஷம் அவளுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வகுப்பில் ஃபென்னா என்ற பெண் கை தூக்கினாள். "நீங்கதான் காபி டீச்சரா? ஜன்னல் வழியா உங்களைப் பாத்திருக்கோம்."

"ஆமா, நான்தான்."

"நீங்க எப்பவும் காபி மட்டும்தான் குடிப்பீங்களா, இல்ல ஏதாவது தெரியுமா?"

ரூலி வாய்விட்டுச் சிரித்தாள். பத்து நிமிஷத்தில் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அன்று அவள் பட்டது சுத்தமான சந்தோஷம், அதில் பொய் இல்லை. விடைகள் தெரிந்த இடத்துக்குத் திரும்பி வந்தவள் மாதிரி இருந்தாள். காபி மேஜையில் ஆறிப் போனது.

அடுத்த செவ்வாயும் மாற்று ஆசிரியை வரவில்லை. வியாழனும் வரவில்லை. பிறகு வருவார் என்று எதிர்பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். காபி மத்தியானம் வரை நீண்டது. ஒவ்வொரு நாளும் கோப்பையை மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போவாள். டாக்டர் போனில் கேட்டால் மென்னோ 'காபி நல்லா போய்க்கிட்டிருக்கு' என்பான். அவளும் அதையே சொன்னாள். ஹார்மிடம் மட்டும், வீட்டுக்கு வரத் தாமதமாவதற்குப் பிறந்தநாள் கேக் மேல் பழியைப் போட்டாள்.

"உங்க பள்ளிக்கூடத்துல வாரத்துக்கு எத்தனை பேர் பொறக்குறீங்க?" என்றான் அவன்.

அந்த வருஷ சின்டர்கிளாஸுக்குப் பிள்ளைக்கு ஒரு பாட்டு எழுதினாள். எல்லா முகமும் வந்தது. யான்டீனிடம் பெருமையாகக் காட்டினாள்.

"தேறிட்டேன் பாத்தியா?"

யான்டீன் படித்துப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தாள். "நீ தேறலைடி. உனக்குப் பழையபடி ஆயிடுச்சு."

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை கடல் பக்கத்திலிருந்து காற்று அடித்து ஜன்னல் படபடத்தது. ஃபென்னா கை தூக்கி, "டீச்சர், ஜன்னலை மூடட்டுமா?" என்று கேட்டாள். கேள்வி காதில் விழுந்தது. அதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்பது ரூலிக்கு நினைவு வரவில்லை. ஜன்னல் என்றால் என்ன என்பதே ஒரு நிமிஷம் தெரியவில்லை. கோப்பை கையிலிருந்து நழுவியது. புத்தக அலமாரியில் சாய்ந்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஃபென்னா தன் குளிர்கோட்டை எடுத்து வந்து அவள் தோளில் போட்டுவிட்டு, யான்டீனைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டர் போல்மனின் அறைக்கு மென்னோவும் கூட வந்தான், அதுவும் நடைமுறைதான்.

"ஆசிரியர் அறையில, காபி நேரத்துல தலை சுத்திடுச்சு," என்றான் மென்னோ. டாக்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "அப்படித்தானே டீச்சர்?"

டாக்டர் பேனாவைக் கையில் எடுக்கவில்லை. அவருக்கு ஏதோ இடித்திருக்க வேண்டும். "ரூலி, நல்லா யோசிச்சு சொல்லுங்க. இந்த மூணு மாசத்துல வகுப்பு ஏதாவது எடுத்தீங்களா? எடுத்திருந்தா அது வேற விஷயம். பளு தாங்காம விழுந்தீங்க, மறுபடி மெதுவா ஆரம்பிக்கலாம், உங்க வகுப்பு உங்களுக்காக இருக்கும். பள்ளிக்கூடத்தைத்தான் நான் விசாரிக்க வேண்டியிருக்கும். வெறும் காபிலயே விழுந்தீங்கன்னா, அன்னைக்கு நான் சொன்னதுதான்."

இதைவிடத் தெளிவாக யாரும் கேட்க முடியாது. ஒரு வார்த்தை போதும். மென்னோ சொன்னதை இல்லை என்று மறுத்தால் வகுப்பு அவளுக்கு, வேலை போவது அவனுக்கு. ரூலி அவனைப் பார்த்தாள். கோட்டுக்குள் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தான், ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் நின்றது. இமை துடித்துக்கொண்டே இருந்தது. அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்திய பையன்தான் அவளுக்குத் தெரிந்தான்.

"காபி மட்டும்தான் டாக்டர்," என்றாள்.

இதைத் தியாகம் என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். ஊரில் சிலர் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒருவரைப் பார்த்து இரக்கப்படும்போது தன்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்க வந்தவர்களும் திராட்சைதான் கொடுத்தார்கள்.

வாசலில் மென்னோ ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவன் போன் அடித்தது. "ஒரு பையனோட அப்பா அம்மா வந்து காத்துக்கிட்டிருக்காங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டுக் காரைப் பார்த்து ஓடினான்.

நடந்தது அத்தனையும் யான்டீன் மூலம் ஹார்முக்குத் தெரிந்துபோனது. அவன் கத்துகிற ஆள் இல்லை. சமையலறையில் நின்றபடி, பூட்சைக் கழற்றாமலே பேசினான்.

"என்கிட்ட எத்தனை தடவை சொன்னே. லாரி கழுவ மாட்டேன், எங்கம்மா வர வேணாம். அத்தனையும் எதுக்குன்னு நெனச்சே, என்னைத் திட்டிப் பழகுறதுக்கா? அங்க ஒரே ஒரு தடவை சொல்ல வாய் வரலையே உனக்கு."

"அவன் கண்ணு துடிச்சுது ஹார்ம்."

"உனக்குத் துடிச்சப்ப அவன் பாத்தானா?"

ஹார்ம் வெளியே போய் மழையில் நின்றுகொண்டு லாரியைக் கழுவினான்.

டாக்டர் எழுதியபடியே எல்லாம் நடந்தது. வகுப்பு வேலை அவளுக்கு ஆகாது என்று முடிவாகி, பக்கத்து ஊர் நூலகத்தில் திரும்பி வருகிற புத்தகங்களை அடுக்கும் வேலை கிடைத்தது. அமைதியான இடம். யாரும் எதுவும் கேட்பதில்லை. நல்ல வேலை என்று எல்லோரும் சொன்னார்கள். அங்கே அவள் ஒரு நாளும் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஜூனில் பள்ளியில் பிரிவு உபசாரம் வைத்தார்கள். காலை இடைவேளையில்தான், வேறு நேரம் கிடைக்கவில்லை. கேக் இருந்தது. பரிசாக ஒரு பெரிய காபிக் கோப்பை, பிள்ளைகளின் பெயர்கள் சுற்றிலும் எழுதியது. ஃபென்னாவின் பெயர் கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்தது. அதிலேயே காபி ஊற்றிக் கையில் கொடுத்தார்கள். மென்னோ அழகாகப் பேசினான். இந்தப் பள்ளியின் தூண் என்றான், இதயம் என்றான். பேசி முடித்தவன் உட்காரவில்லை.

"டீச்சர், கடைசியா ஒரு சின்ன உதவி."

ரூலி நிமிர்ந்து பார்த்தாள்.

"செப்டம்பர்ல மறுபடி அந்தப் பயிற்சி வைக்கிறோம். நம்மை நாமே எப்படிக் கவனிச்சுக்கிறதுன்னு. வெளியாளை விட, அனுபவிச்சவங்க பேசுனா மனசுல நிக்கும். நீங்க வந்து அரை மணி நேரம் பேசணும்."

ரூலி எழுந்து நிற்கவில்லை. கோப்பையைக் கீழேயும் வைக்கவில்லை.

"மாட்டேன்டா," என்றாள்.

காரணம் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. சத்தம் போடாமல், வீட்டில் பழகிய அதே குரலில் சொன்னாள். யான்டீன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்புறம் யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். மென்னோ எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான், இமை துடிக்கத் துடிக்க.

"பாத்தீங்களா," என்றான் கையைத் தட்டி. "டீச்சர் முழுசா தேறிட்டாங்க."

மணி அடித்தது. எல்லோரும் கோப்பைகளைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். யான்டீன் போகிற போக்கில் அவள் தோளைத் தொட்டு, "நீ உக்காரு," என்றாள். தாழ்வாரத்தில் சத்தம் கேட்டது. பிள்ளைகள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் வேறு வேறு வகுப்புகளுக்குப் போகிறார்கள். இன்றைக்கும் மூன்றாம் வகுப்புக்கு ஆள் வரவில்லை. ரூலியின் கை தானாக மேஜையை ஊன்றியது, எழுந்துகொள்ள. காபி சூடாக இருந்தது. கதவையே பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.